தூக்கிய வண்டியும் ‘பழகிடும் சார்’ என்ற பதிலும்

ஜீப் வகை வண்டி வாங்கினால் மூன்று மாதத்துக்குள் அதை இரண்டு இஞ்ச் தூக்கியாக வேண்டும் என்பது சண்டிகர் பக்கம் கிட்டத்தட்ட காதுகுத்து மாதிரி ஒரு சடங்காகிவிட்டது. பஞ்சாபிகளைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு வண்டி என்பது குடும்ப கௌரவம். இப்போது நம்ம ஆட்களும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இங்கே மூன்று தமிழ்க் குடும்பங்களில் தூக்கிய வண்டி நிற்கிறது. இரண்டு ஜிம்னி, ஒரு பழைய ஜிப்ஸி.

மூன்று பேருக்கும் ஒரே புகார். செக்டருக்குள் ஓட்டும்போது யானை மேல் உட்கார்ந்த மாதிரி ஜம்மென்று இருக்கிறது. ஹைவேயில் ஏறி எண்பதைத் தொட்டால் வண்டி பரிசல் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் கொஞ்சம் இடப்பக்கம் போகிறது, திருத்தினால் கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம் போகிறது. லாரியைத் தாண்டும்போது காற்று ஒரு தள்ளு தள்ளுகிறது. வளைவு முடிந்த பிறகு ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நாம்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டி இறங்கினால் தோள்பட்டை கழன்றுவிடுகிறது.

தூக்கிக் கொடுத்த கடையில் போய்க் கேட்டால் மூன்று பேருக்கும் கிடைத்த பதிலும் ஒன்றேதான். "தூக்கின வண்டி அப்படித்தான் சார் இருக்கும். பழகிடும்."

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழகுவதற்கு இது புதுச் செருப்பு இல்லை. இது அளந்து பார்க்கக்கூடிய, பெயர் உள்ள, சரிசெய்யக்கூடிய ஒரு குறை. சரிசெய்யத் தெரியாதவர்களும் அதற்குச் செலவு செய்ய விரும்பாதவர்களும் கண்டுபிடித்த வார்த்தைதான் ‘பழகிடும்’.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு ஸ்டீரிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதில் பாதிக்கு மேல் கணக்குதான். ஒரு சின்னக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மணிக்கு 90 கி.மீ. என்றால் வினாடிக்கு 25 மீட்டர். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ. லேனின் நடுவில் போனால் இருபக்கமும் தொண்ணூறு சென்டிமீட்டர் சொச்சம் மிச்சம் இருக்கும். வண்டியின் முகம் வெறும் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் வினாடிக்கு 44 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதாவது இரண்டு வினாடியில் பக்கத்து லேனின் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். பின் சீட்டில் "அப்பா, தண்ணி" என்று பிள்ளை கேட்டுத் திரும்பிப் பார்க்க ஆகும் நேரம் அது. நல்ல வண்டி அந்த இரண்டு வினாடியில் தானே நேராகப் போய்க்கொண்டிருக்கும். மிதக்கும் வண்டி போகாது. நம்மில் பலர் டிசம்பரில், கோடை விடுமுறையில் அம்பாலாவில் 44-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் என்று ஊருக்கே ஓட்டிப் போகிறோம். சண்டிகரிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 3,000 கி.மீ. அவ்வளவு தூரமும் இரண்டு வினாடிக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே போவதற்குப் பெயர் பழக்கமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். வண்டி ஏன் மிதக்கிறது?

சின்ன வயதில் சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியிருப்போம். அது நேராகப் போனதற்கு ஒரு காரணம் முன் ஃபோர்க்கின் சாய்வு. ஹேண்டில்பார் திரும்புகிற அந்தக் கம்பியின் கோட்டைக் கற்பனையில் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். அதாவது டயர், தன்னைத் திருப்புகிற கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வருகிற எதுவும் நேராக வரவே பார்க்கும். கயிறு கட்டி இழுக்கும் பொம்மை மாதிரி. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், தள்ளின உடனே திரும்பிப் பின்பக்கம் போய் நிற்பதும் இதனால்தான். காரிலும் முன் சக்கரம் திரும்புகிற அச்சின் மேல்முனை சில டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். வளைவு முடிந்து ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வருவதும், ஹைவேயில் வண்டி நேராகப் போக ஆசைப்படுவதும் பெருமளவு இதன் புண்ணியத்தில்தான்.

இப்போது ஜிம்னியின் முன்பக்கம் அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கிறது. முழு ஆக்சில். அந்த ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகள் பின்னோக்கிப் போய் சேஸிஸில் ஒரு புஷ்ஷில் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்கை உயரமாகப் போட்டால் சேஸிஸ் மேலே போகிறது, ஆக்சில் தரையோடு அங்கேயே நிற்கிறது. அந்தக் கைகள் என்ன செய்யும்? பின்முனை மேலே போக, முன்முனை கீழே இருக்க, சாயும். கையோடு ஆக்சிலும் சேர்ந்து முன்பக்கமாக உருளும். அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருந்ததல்லவா, அது இப்போது நிமிர்ந்துவிடும். காஸ்டர் போச்சு.

எவ்வளவு போகும்? கையின் நீளம் 80 செ.மீ. என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. தூக்கினால் கோணம் சுமார் மூன்றரை டிகிரி மாறும். மொத்தமாக இருப்பதே சில டிகிரிதான் என்னும்போது மூன்றரை என்பது கிட்டத்தட்ட மூலதனம் முழுவதும்!

இங்கேதான் நம் வீல் அலைன்மென்ட் கடைகளின் கூத்து வருகிறது. வண்டி மிதக்கிறது என்றதும் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து, டை ராடைத் திருகி, பச்சைக் கலரில் ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். வண்டி அதே மாதிரிதான் மிதக்கும். ஏனென்றால் அவர்கள் சரிசெய்தது டோ. முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பது. ஜிம்னி மாதிரி வண்டியில் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் ஆக்சிலோடேயே இருக்கிறது. ஆக்சிலை விட்டு பாடியை எவ்வளவு தூக்கினாலும் டோ மாறுவதற்குக் காரணமில்லை. கேம்பரும் அப்படித்தான். மாறுவது காஸ்டர் ஒன்றுதான். அதை அளக்க வேண்டுமென்றால் சக்கரத்தைத் திரும்பும் தட்டின் மேல் நிறுத்தி, இடமும் வலமும் குறிப்பிட்ட டிகிரி திருப்பிக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதல் வேலை. "இந்த வண்டியில் அதை அட்ஜஸ்ட் செய்ய முடியாது" என்று காரணம் சொல்லிப் பல கடைகளில் அளப்பதே இல்லை. அட்ஜஸ்ட் செய்ய நட்டு இல்லை என்பது உண்மைதான். அதற்காக அளக்காமல் விடலாமா? வசூலிக்க முடியாது என்பதற்காகக் கணக்கில் எழுதாமல் விடுகிற மாதிரி இருக்கிறது.

மூன்று பேரில் ஒருவர் மொஹாலியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார், தென்காசிப் பக்கம். தூக்கின ஒரு மாதத்தில் மூன்று தடவை அலைன்மென்ட் செய்திருந்தார். நாலாவதாக ஒரு யோசனையும் வைத்திருந்தார், ஸ்டீரிங் டேம்பர் போட்டுவிடலாம் என்று. அதற்குள் அவர் வீட்டு அம்மா என்னிடம் வந்துவிட்டார். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பொங்கலுக்கு இந்த வண்டியிலதான் ஊருக்குப் போகணும்ங்காங்க. சோனிபத் வரைக்கும் போயிட்டு வந்ததுக்கே நான் பிள்ளைகளை இறுக்கிப் பிடிச்சிட்டுதான் உக்காந்திருந்தேன். ட்ரெயின்ல டிக்கெட் போடச் சொல்லுங்க."

நம்மவர் விடவில்லை. "அண்ணாச்சி, அவ சும்மா பயப்படுதா. மூணு தடவ அலைன்மென்ட் பண்ணியாச்சு, எல்லாம் பச்சை."

"அந்தத் தாளைக் கொண்டா பார்ப்போம்" என்றேன். மூன்று தாள்கள். மூன்றிலும் டோ பச்சை, கேம்பர் பச்சை. காஸ்டர் என்ற வரிக்கு நேரே இடமும் வலமும் வெறும் கோடு. ஆடிட்டில் இருபது வருஷம் அடிபட்டவனுக்கு எண் இருக்கும் இடத்தைவிட எண் இல்லாத இடம்தான் முதலில் கண்ணில் படும்.

ஒரு சனிக்கிழமை இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். என்னுடையதும் அதே மாடல்தான், கம்பெனியில் வந்தபடி இருக்கிறது. பாஜி, காசு கூட வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் காஸ்டர் அளந்து காட்டுங்கள் என்று கேட்டோம். ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே நாள். என் வண்டியைவிட அவர் வண்டியில் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேல் குறைவு. அந்த அம்மாவின் பயத்துக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. அவர் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்திருந்தது சும்மா இல்லை.

இதிலிருந்து தூக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. கை வைக்கும் முன்பே காஸ்டர் உட்பட முழு அளவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க இருப்பு இல்லாமல் எந்தக் கணக்கும் எழுத முடியாது. பிறகு என்ன குறைந்தது, எவ்வளவு திரும்பி வந்தது என்று சொல்ல அந்த ஒரு தாள் போதும். நம்மவருக்கு என் வண்டி இருந்தது, எல்லோருக்கும் அப்படி அமையாது.

இனி வைத்தியம். போன காஸ்டரைத் திரும்பக் கொண்டுவர மூன்று வழி. கைகள் ஆக்சிலில் மாட்டும் புஷ்களை எடுத்துவிட்டு, துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ் போடுவது ஒன்று. ஆக்சில் கொஞ்சம் பின்பக்கமாக உருண்டு பழைய சாய்வுக்கு வரும். செலவு குறைவு. புஷ்ஷை அழுத்திப் போட ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், திசை மாறிப் போட்டால் இருக்கிற காஸ்டரும் போய்விடும். இரண்டாவது, கையின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட். கை மறுபடி பழைய கோணத்துக்கு வருவதால் ஓட்டமும் நன்றாக இருக்கும், ஆனால் பிராக்கெட் கீழே தொங்கும், பாறையில் முதலில் இடிப்பது அதுதான். மூன்றாவது, கோணத்தைத் திருத்தியே செய்த புதுக் கைகள். விலை அதிகம். இரண்டு இஞ்சுக்குள் என்றால் புஷ் போதும் என்பது என் எண்ணம். மூன்றுக்கு மேல் போகிறவர்கள் புஷ்ஷை நம்ப வேண்டாம்.

காஸ்டர் நல்லது என்று அளவுக்கு மீறித் திருப்பவும் கூடாது. ஆக்சில் பின்பக்கம் உருளும்போது முன் டிஃபரன்ஷியலின் மூக்கும் சேர்ந்து கீழே குனியும். முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டில் கோணம் கூடி, ஃபோர் வீலில் போட்டு ஓட்டும்போது அதிர்வு வரும். இழந்ததைத் திருப்பி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வட்டியும் சேர்த்து எடுக்கப் போனால் வேறு இடத்தில் அடி விழும்.

நம்மவர் புஷ் போட்டார். ஆன செலவு ஏறக்குறைய ஒரு நல்ல டயர் விலை. மறுபடி அதே மெஷின். என் வண்டிக்கும் அவர் வண்டிக்கும் இப்போது அரை டிகிரிதான் வித்தியாசம். வளைவில் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வந்தது. ஆனாலும் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் வெட்டியது, ஸ்டீரிங் வளையமும் கோணலாக நின்றது.

அது பான்ஹார்ட் ராட் சமாசாரம். ஆக்சில் இடம் வலமாக நகராமல் இருக்க, ஒரு பக்கம் சேஸிஸிலும் மறுபக்கம் ஆக்சிலிலும் மாட்டிய குறுக்குக் கம்பி அது. வண்டியைத் தூக்கினால் அந்தக் கம்பி செங்குத்தாகிக்கொண்டே போகும், ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். கம்பி 90 செ.மீ., முன்பு இரு முனைக்கும் உயர வித்தியாசம் 10 செ.மீ., இப்போது 15 என்றால் ஆக்சில் 7 மி.மீ. ஓரமாகப் போயிருக்கும் (பிதாகரஸ் தேற்றம்தான், பி.காம். வரை தேவையில்லை). நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் போட்டால் ஆக்சில் நடுவுக்கு வரும்.

பலர் கவனிக்காதது இதற்கு அடுத்த விஷயம். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பியும் இந்தப் பான்ஹார்ட் ராடும் முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் பிராக்கெட் வைத்துக் கீழே இறக்கிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். நீங்கள் திருப்பவில்லை, பள்ளம் திருப்புகிறது. ‘ஸ்டீரிங்கை மட்டும் சரிசெய்கிற கிட்’ என்று தனியாக விற்பதை வாங்கும் முன் இதை ஒருமுறை கேளுங்கள்.

வளையம் கோணலாக நின்றதை டிராக் லிங்கின் நீளத்தைத் திருகி நேராக்கினார்கள். வளையத்தையே கழற்றி நேராக மாட்டித் தருகிற கடைகளும் உண்டு. கூடாது. ஜிம்னியில் ஈஎஸ்பி இருக்கிறது. வளையம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். நேராகப் போகும்போது அது கோணலாகக் காட்டினால் கம்ப்யூட்டர் குழம்பி, வேண்டாத நேரத்தில் பிரேக் பிடிக்க வாய்ப்புண்டு.

ஸ்டீரிங் டேம்பர் பற்றிச் சொன்னேனே. எல்லாவற்றுக்கும் அதைப் போடச் சொல்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வங்கியில் வாராக்கடனை மறைக்க ஒரு வழி உண்டு, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுப்பது. கணக்கு இரண்டு காலாண்டுக்குப் பச்சையாக இருக்கும், பிறகு மொத்தமாக வெடிக்கும். டேம்பரும் அப்படித்தான். முக்கியமாக, அறுபது எழுபதில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு தடதடவென்று ஆடுமே, அதற்கு. அது மிதப்பு இல்லை, வேறு வியாதி. தேய்ந்த கிங்பின் பேரிங், தளர்ந்த பான்ஹார்ட் புஷ், தேய்ந்த டை ராட் எண்ட், பாலன்ஸ் இல்லாத சக்கரம் என்று காரணம் ஏதாவது ஒன்று இருக்கும். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், தேய்மானம் உள்ளே வளரும்.

அதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை. வண்டி தரையில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டட்டும். இன்னொருவர் முன்பக்கம் படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிற இடம் எதுவோ, அதுதான் குற்றவாளி. பத்து நிமிட வேலை. பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் காஸ்டரைப் பற்றி யோசிக்கும் முன் இதைத்தான் செய்ய வேண்டும். 1985-ல் வந்த மாடல், பல கை மாறிய வண்டிகள், பாதிப் புகார் தேய்மானத்திலேயே முடிந்துவிடும்.

ஜிப்ஸியில் ஸ்பிரிங் கிடையாது, பட்டைதான். நீளமான ஷேக்கிள் போட்டுத் தூக்கும்போது பட்டை ஒரு பக்கமாகச் சாயும், அதோடு ஆக்சிலும் சாயும். அதற்கு வைத்தியம் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்கும் சாய்வான இரும்புத் துண்டு. தமிழில் சொன்னால் ஆப்பு. வண்டிக்கு ஆப்பு வைத்தால் நல்லது நடப்பது இந்த ஒரு இடத்தில்தான் :-)

தார் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010-ல் வந்த சிஆர்டிஇ மாடலும் சரி, 2020-ல் வந்ததும் சரி, முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குபவை. அங்கே தூக்கினால் கேம்பர், டோ எல்லாமே மாறும். பழைய தாரில் டார்ஷன் பாரை முறுக்கிவிட்டு முன்பக்கத்தை உயர்த்துவது ஓசி வேலை மாதிரி தெரியும். டயரின் ஒரு ஓரம் தேய்ந்து பல்லைக் காட்டும்போதுதான் விலை புரியும்.

டயரையும் விட்டுவிடக் கூடாது. தூக்கின கையோடு பெரிய டயர், வெளியே துருத்தும் ரிம், ஸ்பேசர் என்று போடுகிறார்கள். சக்கரம் வெளியே போகப் போக, சாலையில் லாரி போட்ட தடமெல்லாம் ஸ்டீரிங்கை இழுக்கும். காஸ்டர் சரியாக இருந்தாலும் இழுக்கும். காற்றும் அப்படியே. மோர்னி மலைப்பக்கம் ஆற்று மணலில் இறங்க 18 பிஎஸ்ஐ ஆக்கிவிட்டு, மறுபடி காற்றடிக்காமல் ஹைவே ஏறி, ‘வண்டி மிதக்குது’ என்றால் வண்டி என்ன செய்யும்? எந்தச் செலவும் செய்யும் முன் காற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஆக, என் வாதம் இதுதான். தூக்குவதற்கான விலை என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் இல்லை. காஸ்டர் திருத்தம், பான்ஹார்ட் ராட், முழு அலைன்மென்ட் மூன்றும் சேர்ந்ததுதான் விலை. இவற்றை ‘வேண்டுமானால் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்து மேல் விலையைக் குறைத்துக் காட்டுகிற கடைக்காரர் பாதி வேலைக்குப் பில் போடுகிறார். பட்ஜெட் இடிக்கிறதென்றால் முன்னால் போடும் இரும்பு பம்பரை, கூரை விளக்கை ஒத்திவையுங்கள். இவற்றை ஒத்திவைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. நமக்கு ஏன் தூக்க வேண்டும்? 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு கம்பெனியே 210 மி.மீ. தரை இடைவெளி கொடுத்திருக்கிறது. ஆக்சிலின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஸ்பிரிங்கைத் தூக்குவதால் ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது, பெரிய டயர் போட்டால்தான் மாறும். பாடியின் வயிறு மட்டும்தான் உயரும். வருஷத்தில் ஒருமுறை காஜா, சந்திரதால் என்று போகிற குடும்பத்துக்கு நல்ல ஏடி டயரும், ஒரு காற்றடிக்கும் பம்பும், நிதானமும் போதும் என்பது என் அபிப்பிராயம். பாறை ஏறுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்குத் தேவை இருக்கலாம், மறுக்கவில்லை. மற்றவர்கள் தூக்குவது பார்க்கிங்கில் அழகாக நிற்பதற்காக. அதுவும் தப்பில்லை, ஆனால் அந்த அழகுக்காக ஹைவேயில் நேராகப் போவதை விற்றுவிடக் கூடாது.

கடைசியாக என் தொழில் சார்ந்த விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாரும் போடுறாங்க சார்" என்பது ஆர்டிஓ முன்னால் செல்லுபடியாகாது. தூக்குவதற்கு முன் அங்கே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வண்டியில் மாற்றம் செய்ய எங்கள் சம்மதம் வேண்டும் என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போடும்போது யாரும் படிப்பதில்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும். இன்சூரன்ஸிலும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தூக்கிவிட்டு விபத்தில் சொந்தச் சேதத்துக்குக் கேட்கும்போது சர்வேயர் டேப் வைத்து அளப்பார். அவரிடம் ‘பழகிடும்’ என்று சொல்லிப் பாருங்கள்.

தென்காசிக்காரர் வீட்டில் இன்னும் ட்ரெயினா, ஜிம்னியா என்று முடிவாகவில்லை. டெல்லி வரை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. ஸ்டீரிங் அவர் கையில், நம்மவர் பின் சீட்டில்.